டிபி ஏன் கலங்கிப் போகிறது: புதியவர்களுக்குப் படிப்படியாக

எங்கள் பெரியம்மா சமையல் குறிப்புகளைப் போடுவதற்காக முதன்முதலில் இணையத்தில் ஒரு கணக்கு தொடங்கினார். டிபி, அதாவது கணக்கில் பெயருக்குப் பக்கத்தில் தெரிகிற சின்னப் படம், அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது அண்ணன் கல்யாணப் படம். அரக்குப் பட்டுப் புடவை, மெல்லிய பச்சை பார்டர், ஒற்றைக்கல் மூக்குத்தி. கைபேசியில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏற்றிய பிறகு பார்த்தால் மூக்குத்தி இருந்த இடத்தில் வெளுத்த ஒரு புள்ளி, பார்டரின் பச்சை அரக்கோடு கரைந்து சேற்று நிறம், கண்ணைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் துகள்கள். “என் போன் பழசு, அதனாலதான் இப்படி” என்று வருத்தப்பட்டார்.

போன் மேல் ஒரு தவறும் இல்லை. அந்தப் படம் வந்த வழியைக் கேட்டேன். போட்டோக்காரர் கொடுத்த கோப்பு 6000 பிக்சல் அகலம் (பிக்சல் என்பது படத்தை உருவாக்கும் சின்னஞ்சிறு நிறப் புள்ளி). அதை அண்ணன் குடும்பக் குழுவில் போட்டபோது ஒருமுறை சுருங்கியது. அங்கிருந்து சித்தி எடுத்து ஒரு பூ பார்டர் சேர்த்துத் திரும்பப் போட்டார், இரண்டாவது முறை. பெரியம்மா அதைத் திரையில் பெரிதாக்கி, தன் முகம் மட்டும் வரும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தார், மூன்று. தளத்தில் ஏற்றியது நான்கு. கடைசியில் அவர் முகத்துக்குக் கிடைத்த உண்மையான தகவல் ஒரு தொண்ணூறு பிக்சல் அகலம்கூட இருக்காது, மீதியெல்லாம் கணினி ஊகித்து நிரப்பியது.

இதிலிருந்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். உங்கள் படம் எப்படியும் சுருங்கத்தான் போகிறது. அதை நீங்களே, அசல் கோப்பிலிருந்து, ஒரே ஒரு முறை, கண்ணால் பார்த்துச் சுருக்கிக் கொடுங்கள். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன், கணினி வைத்திருந்தாலும் சரி, கைபேசி மட்டும் இருந்தாலும் சரி, அரை மணி நேர வேலை.

முதலில் எந்த வகை மங்கல் என்று பாருங்கள்

எல்லா மங்கலும் ஒன்று இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவிலேயே கை ஆடியிருந்தால் விளிம்புகள் எல்லாம் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும், அதற்கு மருந்து கிடையாது, வேறு படம் எடுங்கள். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருந்தால் விளிம்புகள் வழவழவென்று, வெண்ணெய் தடவியதுபோல் இருக்கும். அழுத்திச் சுருக்கியதால் வந்த கேடு என்றால் புள்ளிக் கோலத்துக்குக் கட்டம் போட்டதுபோல் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும், முடி, கண்ணாடி பிரேம், எழுத்து இவற்றின் ஓரங்களில் துகள் மொய்க்கும், பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றில் ஒன்று ஊறும். பெரியம்மா படத்தில் கடைசி இரண்டும் சேர்ந்தே இருந்தன. பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

அந்தச் சதுரங்கள் எங்கிருந்து வருகின்றன

இதைக் கொஞ்சம் நின்று புரிந்துகொண்டால் மற்ற படிகள் எல்லாம் தானாகப் புரியும்.

ஒரு சாதாரணக் கைபேசிப் படம் 4032க்கு 3024 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிக்சலுக்கு மூன்று பைட் (கோப்பின் அளவை எண்ணும் அலகு) வீதம் அப்படியே எழுதினால் 36 எம்பிக்கு மேல் வரும். ஆனால் உங்கள் கைபேசியில் அது மூன்று நான்கு எம்பிதான் காட்டும். மிச்சம் எங்கே போயிற்று? ஜேபெக் என்கிற முறை அதை வடிகட்டிவிட்டது. 1992இல் தரப்படுத்தப்பட்ட முறை, இன்றும் புகைப்படங்களுக்கு அதுதான் பெரும்பாலும் ஓடுகிறது.

ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மெதுவாக மாறுகிற ஒளி எவ்வளவு, சட்சட்டென்று மாறுகிற நுணுக்கம் எவ்வளவு என்று கணக்குப் பண்ணிப் பிரிக்கும். பிறகு நுணுக்கத்தில் கண்ணுக்கு அதிகம் தெரியாததை விட்டுவிடும். கன்னம், வானம், சுவர் மாதிரி இடங்களில் விட்டது தெரியாது. புருவம், மூக்குத்தி, ஜரிகை மாதிரி இடங்களில் தெரியும், ஏனென்றால் அவை முழுக்க முழுக்க நுணுக்கம். ரொம்ப அழுத்தினால் கட்டத்துக்குக் கட்டம் ஒட்டாமல் போய்ச் சதுரங்கள் தெரிய ஆரம்பிக்கும்.

இந்தப் பிரிக்கிற கணக்கை 1974இல் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் சேர்ந்து ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அமெரிக்காவில் இருந்து எழுதினார்கள் என்றாலும் அகமது பெங்களூரில் பொறியியல் படித்தவர், ராவ் நம் கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர். தினமும் நாம் அனுப்புகிற காலை வணக்கப் படம் வரைக்கும் அவர்கள் கணக்கில்தான் ஓடுகிறது, இதை நம்மவர்கள் இன்னும் நிறையப் பேர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

நிறத்தின் கதை வேறு. மனிதக் கண் வெளிச்ச வித்தியாசத்தை நுணுக்கமாகப் பிடிக்கும், நிற வித்தியாசத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்காது. அதனால் ஜேபெக்கில் வெளிச்சத்தைப் பிக்சலுக்குப் பிக்சல் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று வைப்பது வழக்கம். 4:2:0 என்று எங்கேயாவது பார்த்தால் அதன் பொருள் இதுதான். பெரிய படத்தில் இது யாருக்கும் தெரியாது. ஆனால் புடவை பார்டரே மூன்று பிக்சல் அகலம்தான் என்கிற அளவுக்குப் படம் சின்னதானால், அரக்குக்கும் பச்சைக்கும் சேர்த்து ஒரே நிறத்தை எழுதிவிடும். பெரியம்மா படத்தில் சேற்று நிறம் வந்தது இப்படித்தான்.

இன்னொன்று, ஜேபெக்கில் விட்டது விட்டதுதான், திரும்ப வராது. அடுத்த முறை சேமிக்கும்போது மிச்சத்திலிருந்து இன்னும் கொஞ்சம் போகும். அதனால்தான் எத்தனை கை மாறியது என்று முதலில் கேட்டேன்.

அசல் படத்தைக் கையில் எடுங்கள்

கேமராவில் இருந்து வந்த கோப்பு யாரிடம் இருக்கிறதோ அவரிடமே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் படமாக அனுப்ப வேண்டாம், இணைப்புக் குறியைத் தொட்டு ‘டாக்குமென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அப்படி வந்தால் பைட் குறையாமல் வரும். எச்டி என்று ஒரு பொத்தான் இருக்கிறதே என்பீர்கள், அது சாதாரணமாக அனுப்புவதைவிட நல்லது, ஆனாலும் சுருக்கித்தான் அனுப்பும். மின்னஞ்சலில் இணைப்பாகவோ கூகுள் டிரைவ் மூலமாகவோ அனுப்பினாலும் சரி.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் திரை 1080 பிக்சல் அகலம் என்றால் அதற்கு மேல் ஒரு பிக்சல்கூட உங்களுக்குக் கிடைக்காது, படம் 6000 பிக்சலாக இருந்தாலும்.

ஐபோன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் படங்கள் ஹெய்க் என்கிற வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன. நல்ல வடிவம்தான், ஆனால் எல்லாத் தளமும் ஏற்காது. செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் ஃபார்மட்ஸ், அதில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றி வைத்துப் புதிதாக ஒரு படம் எடுத்தால் ஜேபெக்காகவே வரும்.

பழைய அச்சுப் படம் மட்டும்தான் இருக்கிறதா? கைபேசியில் சாய்த்து வைத்துப் படம் எடுக்காமல், தெருமுனை ஜெராக்ஸ் கடையில் 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். மூன்றரை சென்டிமீட்டர் அகலப் பாஸ்போர்ட் படம் அப்போது 827க்கு 1063 பிக்சல் வரும், டிபிக்குத் தாராளம். டிபிஐ என்பதற்கு ஸ்கேன் செய்கிற அந்த நேரத்தில்தான் வேலை, திரையில் பார்க்கிற படத்துக்கு அது 72 ஆனாலும் 300 ஆனாலும் ஒரு வித்தியாசமும் இல்லை, பிக்சல் எத்தனை என்பது மட்டும்தான் கணக்கு.

தயவுசெய்து, சுருங்கிப்போன படத்தை ‘தெளிவாக்கித் தருகிறேன்’ என்கிற செயலிகளில் போடாதீர்கள். அவை இல்லாத கண்ணையும் பல்லையும் புதிதாக வரைந்து வைக்கும். பெரியம்மா படத்தை ஒருவர் அப்படிப் போட்டுக் கொடுத்தார், மிகத் தெளிவாக இருந்தது, ஆனால் அது பெரியம்மா இல்லை.

சதுரமாக வெட்டுங்கள், தாராளமாக

டிபி என்பது மிகச் சின்ன இடம். 120 பிக்சல் வட்டத்தில் கல்யாண மேடை முழுவதும் வேண்டும் என்றால் முகம் 12 பிக்சல்தான் வரும், அதில் கண் எங்கே, மூக்கு எங்கே? எவ்வளவு நல்ல தரத்தில் ஏற்றினாலும் அது மங்கலாகத்தான் தெரியும். தலைமுடி முதல் தோள் வரை மட்டும் வரும்படி ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வெட்டுங்கள். முகம் சதுரத்தின் பாதிக்கு மேல் நிரம்பினால் நல்லது.

பல இடங்களில் சதுரத்தை வட்டமாகக் காட்டுவார்கள். அப்போது நான்கு மூலைகளிலும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிடும். ஆகவே மூலையில் கொண்டை, மாலை, பெயர் என்று எதையும் வைக்காதீர்கள்.

ஏற்றுகிற இடத்திலேயே இழுத்துப் பெரிதாக்கி வெட்டுகிற வசதி இருக்கும். அதை நம்பாமல் முன்பே வெட்டிக் கொண்டு போங்கள். அங்கே பெரிதாக்கினால் சில நேரம் ஏற்கெனவே சுருக்கியதையே பெரிதாக்கிக் கொடுத்துவிடும்.

பின்னணியைப் பற்றியும் ஒரு சொல். மரத்து இலை, கூட்டம், ஜரிகைத் திரை எல்லாம் நுணுக்கம் நிறைந்தவை. கோப்பு இவ்வளவு கேபிக்குள் (ஆயிரம் கேபி சுமார் ஒரு எம்பி) அடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கிற இடத்தில் அந்த இலைகள் உங்கள் முகத்துக்குக் கிடைக்க வேண்டிய கேபியைத் தின்றுவிடும். வெற்றுச் சுவர் முன்னால் எடுத்த படம் அதே கேபியில் எவ்வளவோ தெளிவாக நிற்கும்.

எத்தனை பிக்சலுக்குச் சுருக்குவது

தளத்தின் உதவிப் பக்கத்தில் அளவு போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் (முன்பு ட்விட்டர்) 400க்கு 400 என்று சொல்கிறது, யூடியூப் 800க்கு 800. எதுவும் போடவில்லை என்றால் கணினியில் வேறு யாருடைய டிபியின் மேலாவது வலது கிளிக் செய்து, புதிய தாவலில் திறந்து பாருங்கள், தாவலின் தலைப்பிலேயே பிக்சல் அளவு பெரும்பாலும் வரும். நன்றாகத் தெரிகிறவர்களின் படம் என்ன அளவில் இருக்கிறதோ அதுதான் தளம் வைத்துக்கொள்கிற அளவு.

அதுவும் தெரியவில்லையா, திரையில் தெரிகிற அளவைப் போல இரண்டு மடங்கு, முடிந்தால் மூன்று மடங்கு வையுங்கள். காரணம், இன்றைய கைபேசித் திரைகளில் ஒரு புள்ளி என்று தளம் நினைக்கிற இடத்தில் உண்மையில் அகலவாக்கில் இரண்டு மூன்று பிக்சல்கள் இருக்கின்றன. 100க்கு 100 படத்தைக் கொடுத்தால் கணினியில் சரியாகத் தெரியும், கைபேசியில் இழுத்துக் காட்டி மங்கலாக்கிவிடும். ‘லேப்டாப்ல நல்லாத்தான் இருக்கு, போன்லதான் இப்படி’ என்பவர்களுக்குப் பெரும்பாலும் பதில் இதுதான்.

சந்தேகமாக இருந்தால் 400க்கு 400 என்று வையுங்கள், பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும்.

இனி சுருக்குகிற வேலை

கைபேசியிலும் கணினியிலும் ஒன்றுபோல் வேலை செய்வதால் நான் எல்லோருக்கும் சொல்வது ஸ்குவூஷ். கூகுளின் குரோம் குழுவினர் 2018இல் வெளியிட்ட இலவசக் கருவி, பிரௌசரிலேயே திறக்கும். படம் உங்கள் கருவியை விட்டு எங்கேயும் போகாது, எல்லா வேலையும் உள்ளேயே நடக்கும். திறந்ததும் நடுவில் ஒரு கோடு தெரியும், இடப்பக்கம் அசல், வலப்பக்கம் சுருங்கியது, கோட்டை விரலால் நகர்த்தி இரண்டையும் ஒப்பிடலாம். வலப்பக்கப் பெட்டியில் ‘ரீசைஸ்’ என்பதைப் போட்டு, முறையாக ‘லாங்சோஸ்3’ இருக்கிறதா என்று பார்த்து, அகலம் 400 என்று கொடுங்கள். முன்பே சதுரமாக வெட்டியிருப்பதால் உயரம் தானாக 400 ஆகும்.

கணினியில் ஜிம்ப் என்கிற இலவசப் படத் திருத்த மென்பொருள் வைத்திருப்பவர்கள் ‘இமேஜ்’ மெனுவில் ‘ஸ்கேல் இமேஜ்’. விண்டோஸ் பெயிண்டும் போதும், ‘ரீசைஸ்’ பெட்டியில் சதவீதத்தை விட்டுப் பிக்சலைத் தேர்ந்தெடுங்கள், விகிதம் மாறாமல் இருக்க அந்தச் சின்ன டிக் இருக்கட்டும், இல்லாவிட்டால் முகம் பூசணிக்காய் ஆகிவிடும்.

சுருக்கிய பிறகு படம் லேசாக மென்மையாகத் தெரியும், அது இயல்பு. ஜிம்பில் ‘ஃபில்டர்ஸ்’, ‘என்ஹான்ஸ்’, ‘ஷார்ப்பன்’ என்று போய் ஆரம் (ரேடியஸ்) 0.5, அளவு (அமௌன்ட்) 0.4 என்ற அளவுக்கு மட்டும் கூர்மை ஏற்றுங்கள். கண்ணிமை முடி பிரிந்து தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். தோளைச் சுற்றி வெள்ளைக் கோடு வந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். சுருக்குவதற்கு முன்னால் கூர்மை ஏற்றிப் பயனில்லை, ஏற்றியது சுருக்கும்போது போய்விடும்.

சேமிப்பது எப்படி

புகைப்படம் என்றால் ஜேபெக், தரம் 85 முதல் 90. இந்த எண் சதவீதம் இல்லை, ஒரு மென்பொருளின் 90 இன்னொன்றின் 90க்குச் சமமும் இல்லை, அதனால் எண்ணைப் பார்க்காமல் மூக்குத்தியைப் பாருங்கள். 100 வைத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். கோப்பு இரண்டு மூன்று மடங்கு பெருக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தளத்தின் வரம்பைத் தாண்டினால் அதுவே தன் இஷ்டத்துக்கு மறுபடி அழுத்திவிடும்.

ஜிம்பில் சேமிக்கும்போது கூடுதல் அமைப்புகளுக்குள் ‘சப்சாம்ப்ளிங்’ என்று ஒரு வரி இருக்கும். அதை 4:4:4 ஆக்குங்கள். நிறமும் பிக்சலுக்குப் பிக்சல் எழுதப்படும். பட்டுப் புடவை, குங்குமம், சிவப்பு எழுத்து இருக்கிற படங்களுக்கு இந்த ஒரு மாற்றமே கண்கூடாகத் தெரியும். பெரியம்மாவின் பச்சை பார்டர் திரும்பி வந்தது இந்த வரியால்தான்.

அதே பட்டியலில் எக்சிஃப், அதாவது கேமரா படத்தோடு சேர்த்து எழுதிவைக்கும் விவரங்கள், அந்தத் தகவலைச் சேமிக்கவா என்று ஒரு டிக் இருக்கும், எடுத்துவிடுங்கள். எந்த இடத்தில் எடுத்த படம் என்பது உட்பட அதற்குள் இருக்கலாம், வீட்டில் எடுத்த படம் என்றால் வீடு இருக்கிற இடமே அதில் பதிந்திருக்கும்.

படம் இல்லை, சின்னமோ எழுத்தோ என்றால் பிஎன்ஜி. 1996 முதல் இருக்கிற வடிவம், இது எதையும் விடாது, ஒரே நிறப் பரப்புகளைச் சிறியதாகவே சேமிக்கும். புகைப்படத்தைப் பிஎன்ஜியில் போட்டால் கோப்பு வீங்கும், எழுத்தை ஜேபெக்கில் போட்டால் ஓரமெல்லாம் துகள் மொய்க்கும், இவ்வளவுதான் விதி. பின்னணி இல்லாத பிஎன்ஜியைச் சில இடங்கள் ஜேபெக்காக மாற்றும்போது கறுப்பாக்கிவிடும், நீங்களே வெள்ளையோ வேறு நிறமோ நிரப்பிக் கொடுங்கள்.

தமிழில் பெயர் எழுதி டிபி வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 48 பிக்சலில் முதலில் காணாமல் போவது புள்ளி. ‘கண்ணன்’ என்பது ‘கணணன’ ஆகிவிடும், ‘செல்வி’யில் இரட்டைச் சுழிக் கொம்பா ஒற்றைச் சுழிக் கொம்பா என்று தெரியாது. முழுப் பெயரை விட்டு முதல் எழுத்தை மட்டும் தடித்த எழுத்துருவில், நல்ல நிற வேறுபாட்டோடு வையுங்கள். சிவப்பில் நீலம், நீலத்தில் சிவப்பு இரண்டும் கூடாது. மஞ்சளில் கறுப்பு எவ்வளவு சின்னதானாலும் நிற்கும்.

கேபி கேட்கும் இடங்கள்

இதே வழி விண்ணப்பங்களுக்கும் உதவும். வங்கித் தேர்வுக்கான ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் படம் 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி என்று கேட்பார்கள். பலர் 3 எம்பி படத்தைப் பிக்சல் குறைக்காமல் தரத்தை மட்டும் இறக்கி இறக்கி 50க்குள் கொண்டுவருவார்கள், முகம் கட்டம் கட்டமாகப் போய்விடும். முதலில் பிக்சலைக் குறையுங்கள், 200க்கு 230 ஆனதும் தரம் 90 வைத்தாலே அநேகமாக வரம்புக்குள் வந்துவிடும். 20க்குக் கீழே போனால் தரத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பிக்சல் முதலில், தரம் பிறகு, இந்த வரிசை மாறக்கூடாது.

ஏற்றிய பிறகு

ஏற்றியும் பழைய படமே தெரிந்தால் பதறாதீர்கள். பிரௌசர் பழையதைத் தன் நினைவில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். கணினியில் கன்ட்ரோலும் எஃப்5உம் சேர்த்து அழுத்துங்கள், அல்லது இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பாருங்கள். அதே படத்தை மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

புதியது வந்தும் மங்கலாக இருந்தால், தளத்தில் இருக்கிற அந்தப் படத்தையே புதிய தாவலில் திறந்து இறக்கி, நீங்கள் கொடுத்ததோடு ஒப்பிடுங்கள். 400 கொடுத்து 400 இருக்கிறது, ஆனால் கேபி பாதியாகிவிட்டது என்றால் தளம் மறுபடி அழுத்துகிறது, உங்கள் கையில் மிச்சம் இருப்பது எளிய பின்னணியும் இன்னும் நெருக்கமான வெட்டும்தான். 400 கொடுத்து 200 இருக்கிறது என்றால் அவர்கள் அளவு 200, அசலிலிருந்து மறுபடி தொடங்கி 200க்கு நீங்களே சுருக்கிக் கூர்மை ஏற்றிக் கொடுங்கள், அவர்களுடைய சுருக்கலைவிட உங்களுடையது நன்றாக இருக்கும்.

அசலிலிருந்து என்பதால், வெட்டிய பெரிய சதுரத்தை ஒரு பிஎன்ஜியாகத் தனியே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவுடையது ‘பெரியம்மா டிபி அசல்’ என்ற பெயரில் 1800க்கு 1800 அளவில் அவர் மின்னஞ்சலிலேயே இணைப்பாகக் கிடக்கிறது. போன வாரம் அவர் இன்னொரு தளத்தில் கணக்கு தொடங்கியபோது என்னைக் கூப்பிடவே இல்லை. ஏற்றி முடித்துவிட்டு, மூக்குத்தி தெரிகிறதா என்று மட்டும் கேட்டார். தெரிந்தது.